நான் சொல்லாத கடைசி அத்தியாயம்

ஜூன் 3, சனி

வெண்தாமரை மாத நாவலின் பதிப்பாளர் ஜெயசீலன் சென்னையிலிருந்து போன் செய்தார். என் முந்நூறாவது நாவலை ஸ்பெஷல் இதழாகப் போடப் போகிறாராம். நாவல் எழுதும் நாட்களில் நான் ஒரு டைரியும் எழுதிக் கொடுத்தால் கடைசிப் பக்கங்களில் சேர்த்துவிடலாம் என்றார். "வாசகிகளுக்கு உங்க சமையலறை வரைக்கும் வந்து பாக்கணும்னு ஆசை மேடம்." வரட்டுமே, எனக்கென்ன. வந்தவர்கள் ரெண்டு பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

ஆகவே வாசகிகளே, உங்கள் ஹேமதாரிணி பேசுகிறேன். சொந்தப் பெயர் பிரமநாயகி. ஊர் பாளையங்கோட்டை. வயதைக் கேட்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு மேலாகக் காதல் கதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், வாயால். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். முதல் நாவலை அச்சகத்துக்காரர் "இதை யாராலும் படிக்க முடியாது தாயே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து நான் சொல்வேன், என் நாத்தனார் செண்பகவல்லி எழுதுவாள். அவள் கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கதாநாயகனை அமெரிக்காவிலிருந்து வரவழைப்பேன். அவள் அடுப்படி மேடையில் தாளை வைத்து எழுதுவாள். பிறகு என் கணவர் ஆவுடையப்பன் புரூஃப் பார்ப்பார். மின்வாரியத்தில் இருந்தவர் என்றாலும் தமிழில் ஒரு ஒற்றுப் பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரே வீட்டில் மூன்று பேர், ஏறக்குறைய மாதம் ஒரு நாவல்.

அச்சில் வந்ததைத் திரும்பப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சொல்லி முடித்தால் முடிந்தது. அடுத்தவள் வரிசையில் நிற்பாள், அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை பார்க்க வேண்டுமே!

ஜூன் 5, திங்கள்

கீரைக்காரி வரவில்லை. பருப்பும் அப்பளமும்தான்.

எட்டாவது அத்தியாயம் சொன்னேன். நாயகன் ஆதித்யன், நாயகி யாழினி. ஆதித்யன் சந்தேகப்பட்டு யாழினியைக் கன்னத்தில் அடிக்கிறான். என் நாவல் எதை எடுத்தாலும் இந்தக் கட்டம் இருக்கும். ஒரு அடி, ஒரு அழுகை, ஒரு அணைப்பு. சில பெண்கள் மேடையில் இதைக் குறை சொல்கிறார்கள். சொல்லட்டும். உரிமை இருக்கிற இடத்தில்தான் கை ஓங்கும். என் வீட்டுக்காரர் இவுகளுக்கும் ஒரு காலத்தில் கை கொஞ்சம் நீளம்தான். எந்த வீட்டில் இல்லை? (ஜெயசீலன், இந்த ரெண்டு வரியை எடுத்துவிடவும்.)

"எழுதிட்டியா செண்பகம்?" என்றேன்.

"எழுதியாச்சு மதினி."

ஜூன் 8, வியாழன்

பெங்களூரிலிருந்து மகள் அபிராமி போனில் ஏதோ அனுப்பியிருந்தாள். என் பழைய நாவல் ஒன்றை ஒரு பெண் வாசித்து யூடியூபில் போட்டிருக்கிறாள். ஜெயசீலன் உரிமை கொடுத்ததுதான். லட்சம் பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்களாம். முறுக்கு மாவு பிசைந்துகொண்டே நானும் கேட்டேன். அடடா, குரல் என்ன குரல்! என் வர்ணனையெல்லாம் தேனாக வந்து விழுகிறது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

கடைசி அத்தியாயத்தில்தான் வயிறெரிந்தது. நான் சொன்ன முடிவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடித்தவன் திரும்பி வருவான், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட்டுக் கொடுப்பாள், அவன் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். சுபம். இந்தப் பெண் வேறு என்னவோ வாசிக்கிறாள். அவள் கதவைத் திறக்கவே இல்லையாம். அவன் வாசலில் நிற்கிறானாம். "நான் உன்னை அடித்தது தப்பு. எந்தக் கோபத்துக்கும் அது நியாயம் ஆகாது. என்னை மன்னித்துவிடு" என்கிறானாம். அதற்கும் அவள் திறக்கவில்லையாம். மறுநாளும் வந்து அதையே சொன்ன பிறகுதான் தாழை நீக்குகிறாளாம்!

ஜெயசீலனைப் பிடித்து நாலு வாங்கு வாங்கினேன். "யாரைக் கேட்டு என் கதையை மாத்துனா அந்தப் பொண்ணு? கேஸ் போட்டுருவேன்!"

அவர் சிரித்தார். "மேடம், புத்தகத்துல உள்ளது உள்ளபடிதான் வாசிச்சிருக்கா. அந்தக் கதவு சீனுக்குத்தானே உங்களுக்கு இவ்வளவு வாசகிங்க."

அவருக்கு வயதாகிவிட்டது. எதையோ எதனோடோ போட்டுக் குழப்புகிறார்.

முறுக்கு கருகிவிட்டது.

ஜூன் 9, வெள்ளி

பீரோவைத் திறந்து புத்தகங்களை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் கடைசி அத்தியாயத்தை மட்டும் பார்த்தேன்.

எல்லாவற்றிலும் அந்தக் கதவு இருக்கிறது.

இன்று வேறு எதுவும் எழுத முடியவில்லை.

ஜூன் 10, சனி

இவுக ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் செண்பகத்தைக் கூப்பிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். புத்தகங்களை அவள் முன்னால் போட்டேன். எடுத்தும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு என்ன இருக்கிறது?

"எதுக்குட்டி இப்படிச் செஞ்சே?"

"எப்பவோ கேப்பீகன்னு நெனச்சேன் மதினி. இம்புட்டு வருஷம் ஆகும்னு நெனக்கல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருட்டுச் சிறுக்கி என்றேன். என் பேரில் எழுத நீ யார் என்றேன். என் சோற்றைத் தின்றுகொண்டு என் கதையிலேயே கைவைத்தாயே என்றேன். (அவள் சம்பளத்தில்தான் ரொம்ப நாள் வீட்டுக்கு மளிகை வந்தது. கோபத்தில் இதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்?) அவள் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள். "தென்காசிக் கல்யாணத்துக்குப் பொறப்பட்ட அன்னைக்கு அண்ணன் ஒங்கள அடிச்சாக. காதுத் தோடு தெறிச்சு விழுந்துட்டு. நான்தான் கட்டிலுக்கு அடியில தேடி எடுத்துக் குடுத்தேன். அன்னைக்குச் சாயந்திரம் கல்யாண வீட்டுல இருந்து வந்து உக்காந்து நாவல் சொன்னீக. 'அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட்டாள்'னு சொன்னீக. ஒங்க கன்னம் வீங்கிப்போய்க் கெடக்கு. எனக்கு எழுதக் கை வரல மதினி. வேற எழுதினேன்."

"எழுதிட்டு எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன?"

"நீங்க படிக்கணும்னுதான் எழுதினேன். படிச்சிட்டுக் கேப்பீக, அப்போ பேசிக்கலாம்னு இருந்தேன். நீங்க படிக்கல. சரி, அடுத்ததப் படிப்பீகன்னு அதுலயும் எழுதினேன். அப்படியே பழகிட்டு."

அந்தத் தோடு விழுந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. திருகாணி தளர்ந்து இருந்திருக்கும்.

என் வீட்டுக்குள் நடந்ததை மாதாமாதம் ஊருக்கு அச்சடித்து விற்றிருக்கிறாள். அதையும் என் பெயரைப் போட்டு. பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் படித்த அத்தனை பேருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. இதைவிட ஒரு பொம்பளையை எப்படி அவமானப்படுத்துவது?

"என் மூஞ்சியிலயே முழிக்காத" என்றேன். மத்தியானப் பஸ்ஸில் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இவுக வந்து, "செண்பகத்த எங்க?" என்றார். "ஊருக்குப் போயிருக்கா" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜெயசீலன், இந்த டைரி உங்களுக்குக் கிடையாது. நீங்கள் வேறு ஏதாவது போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஜூன் 12, திங்கள்

அபிராமி பேசினாள். அந்த யூடியூபைக் கேட்டேனா என்று விசாரித்தாள். கேட்டேன் என்றேன்.

"அந்தக் கடைசி அத்தியாயம் இருக்கு பாரு, காலேஜ்ல படிக்கும்போது ஹாஸ்டல்ல எல்லாருக்கும் நான்தான் சத்தமா வாசிச்சுக் காட்டுவேன். எங்கம்மா எழுதுனதுன்னு அம்புட்டுப் பெருமை. ஒனக்குத் தெரியுமாம்மா, சின்ன வயசுல எனக்கு ஒன் மேலதான் கோவம். அப்பா அடிச்சா நீ ஒண்ணும் சொல்லாம அடுப்படிக்குப் போயிருவ. அப்புறம் ஒன் புத்தகத்தப் படிச்ச பெறகுதான் புரிஞ்சுது. வாயால சொல்ல முடியாதத அம்மா கதையில சொல்லுதான்னு."

அது நான் எழுதினது இல்லை என்று வாய் வரை வந்தது. "உப்புமா கிண்டணும், வைக்கட்டுமா" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

பெற்ற பிள்ளை என் மேல் வைத்திருந்த மரியாதையும் செண்பகத்துக்குச் சேர வேண்டியதுதான் போலிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும். இந்த வீட்டையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

ஜூன் 13, செவ்வாய்

நேற்று முழுவதும் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. புரூஃப் பார்த்தது யார்?

காலையில் காபியைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். இவுக பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என் நாவல் எல்லாத்தையும் நீங்க படிச்சிருக்கீகல்லா?"

"புரூஃப் பாக்கணும்னா படிக்கத்தான செய்யணும்."

"செண்பகம் முடிவ மாத்தி எழுதுனது தெரியுமா?"

"தெரியாம என்ன? நீ சொல்லுதது இங்ஙன எனக்கும் காதுல விழும்லா. அவ எழுதுதது வேற மாதிரி இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு பொம்பளைக சமாச்சாரம். நடுவுல நான் எதுக்கு?"

"அதுல ஒருத்தன் மாசாமாசம் வாசல்ல வந்து நின்னு, அடிச்சது தப்புங்கானே. ஒங்க தங்கச்சி எழுதுதா. அவன் யாருன்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையா?"

பேப்பரைத் திருப்பினார். "தோணாம என்ன. நான் என்ன மடையனா? கதைன்னா அப்படித்தான் இருக்கும், அப்பத்தான் விக்கும். 'மன்னிப்புக் கேட்டான்'ல அந்த 'க்'க மட்டும் ஒவ்வொரு தடவையும் விட்டுருவா. நான்தான் போடணும்."

இத்தனை வருஷமும் சிவப்பு மைப் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அவன் கேட்ட மன்னிப்பை எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறார். தனக்காகத்தான் எழுதியிருக்கிறது என்று தெரிந்தே படித்திருக்கிறார். அந்தக் 'க்'கைப் போட்டுவிட்டு, எழுந்து வந்து, "சாப்பாடு ஆச்சா" என்று கேட்டிருக்கிறார்.

செண்பகம் என்னை ஏமாற்றினாள், சரி. அவளாவது எதையோ கொடுக்கத்தான் ஏமாற்றினாள். இவரை என்ன சொல்ல?

ஜூன் 17, சனி

செண்பகம் போன் செய்தாள். "வரட்டுமா மதினி? நாவலுக்கு நாள் நெருங்குதுல்லா."

"நீ இல்லாம எனக்கு எழுத வராதுன்னு நெனப்பா?"

"அப்படிச் சொல்லல."

"இப்ப வரவேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. படிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தை என் மடியில் போட்டு, படி என்று அதட்டியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்தவளுக்கு எனக்குச் சொல்ல வாய் இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

முந்நூறாவது நாவலின் கடைசி அத்தியாயம். இதையாவது நானே முடிக்க வேண்டும், என் முடிவோடு முடிக்க வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டேன். ஹேமதாரிணி யார் என்று எல்லோருக்கும் தெரியட்டும்!

என் கையெழுத்து உதவாது. இவுகளை எழுதச் சொன்னேன். உற்சாகமாக உட்கார்ந்தார். ஆதித்யன் திரும்பி வருகிறான், யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடுகிறாள், அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். நான் சொல்லச் சொல்ல முத்து முத்தாக எழுதினார். முடித்ததும் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இதுதான் குடும்பக் கத. வாசல்ல நிக்கவும் இல்ல, கால்ல விழவும் இல்ல. பாந்தமா இருக்கு."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். தட்டில் இருந்த வாழைப்பூ வடையை அப்படியே தள்ளி வைத்தேன். உப்பு கூடிவிட்டது என்று நினைக்கிறேன். தாள்களைப் போட்டோ எடுத்து ஜெயசீலனுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 22, வியாழன்

ஜெயசீலன் கூப்பிட்டார். எப்போதும் எடுத்த எடுப்பில் "பிரமாதம் மேடம்" என்பவர் இன்று இருமிக்கொண்டே இருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. கடைசி அத்தியாயம் நீங்க எழுதினதா?"

"ஏன் கேக்குதீக?"

"உங்க எழுத்து மாதிரியே இல்ல. அடிச்சவன் வர்றான், அவ காபி போடறா. உங்க யாழினி காபி போடுவாளா மேடம்? எனக்குத் தெரியாதா உங்க கை? இது யாரோ எழுதினது. உடம்பு சரியில்லாம யாரையாவது எழுதச் சொன்னீங்களா?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் என்னுடையது என்று ஒன்று வெளியே போயிருக்கிறது. அதைப் பார்த்து யார் எழுதியது என்று கேட்கிறார்.

"என் நாத்தனார் எழுதுனது" என்றேன்.

"அதானே பாத்தேன்! அவங்களுக்கு இது வராது மேடம். சொல்லி வைங்க. திங்கக்கிழமைக்குள்ள நீங்களே உக்காந்து உங்க முடிவை எழுதிக் கொடுத்துடுங்க."

"சொல்லுதேன்" என்றேன்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். புளியைக் கரைத்துக்கொண்டே அழுதேன். என்னை இப்படி ஆக்கிவிட்டார்களே, பாவிகள்!

ஜூன் 24, சனி

காலையில் குளித்து முடித்து வந்து இவுகளைக் கூப்பிட்டேன். "கடேசி அத்தியாயத்தத் திரும்ப எழுதணும். நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க."

"அதான் எழுதியாச்சே?"

"ஜெயசீலனுக்குப் பிடிக்கல."

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை அடித்த கட்டத்திலிருந்தே சொன்னேன். ஆதித்யன் கை ஓங்கியதைச் சொன்னேன். யாழினியின் காதுத் தோடு தெறித்து விழுந்ததைச் சொன்னேன். திருகாணி தளர்வாக இல்லை என்பதையும் சொன்னேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே வந்தார். அவளுடைய நாத்தனார் கட்டிலுக்கு அடியில் தேடியதைச் சொன்னேன். அதையும் எழுதினார். யாழினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைச் சொன்னேன். எழுதினார். ஆதித்யன் வாசலில் வந்து நின்றதைச் சொன்னேன். எழுதினார்.

"'நான் உன்னை அடித்தது தப்பு' என்றான். எழுதுங்க."

பேனா நின்றுவிட்டது.

நான் காத்துக்கொண்டிருந்தேன். இவுக கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வாயால் சொல்ல வேண்டாம். என்னைப் பார்த்துக்கூடச் சொல்ல வேண்டாம். ஆதித்யன் சொன்னதாகவே தாளில் எழுதினால் போதும். தங்கை எழுதியதையெல்லாம் படித்த மனுஷன்தானே, சொந்தக் கையால் ஒரு தடவை எழுதினால் என்ன குறைந்துபோகும் என்று இருந்தேன்.

"எழுதுங்க."

"இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்றார்.

"கததான. கதைன்னா அப்படித்தான் இருக்கும்னு சொன்னீகளே?"

பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "கை வலிக்கு. மிச்சத்த நீயே எழுதிக்கோ." செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் தாள்களை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன். கோழி கிளறலோ, காக்கா கிளறலோ, ஜெயசீலன் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொள்ளட்டும் என்று நானே எழுதினேன். ஆதித்யன் வாசலில் ரொம்ப நேரம் நின்றான். சொல்ல வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. யாழினி கதவைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. அதோடு முற்றும் என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன், பிரமநாயகி என்று. இதைச் செண்பகம் எழுதியிருக்க மாட்டாள். அவளுக்குத் தன் அண்ணன் என்றைக்காவது சொல்வார் என்ற நம்பிக்கை இருந்தது.

இவுக வந்துவிட்டார். கதவைத் தட்டிச் சாப்பாடு வைக்கச் சொல்கிறார். ரெண்டாவது தடவையும் தட்டிவிட்டார். சோறும் குழம்பும் அடுப்படியில்தான் இருக்கின்றன. எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.